மோட்டார் சைக்கிளில் ஜிபிஎஸ்: இணைப்பை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: என்னிடம் 350 சிசி மோட்டார் சைக்கிள் உள்ளது. மலைச்சாலைப் பயணங்களுக்காக அதில் ஜிபிஎஸ் கருவி பொருத்த விரும்புகிறேன். ஹாரன் வயரிலிருந்து இணைப்பு எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும் என்கிறார் நண்பர். எது சரி? செல்போனே போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இருவர் சொல்வதையும் சேர்த்துச் செய்வதே சரி. பேட்டரியில் நேரடியாக இணைத்தால், சாவியை எடுத்த பிறகும் கருவிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இத்தகைய வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 8 ஆம்பியர்-மணி அளவே உள்ளதால், இரவு முழுவதும் அப்படி விட்டால் காலையில் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாமல் போகலாம். ஹாரன் வயரில் ஒட்டுப் போடுவது எளிதுதான். ஆனால் ஹாரனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் இறங்கிக் கருவி அணைந்து மீண்டும் உயிர்பெற வாய்ப்புண்டு.

ஆகவே நான்கு முனை ரிலே (ஒரு வயரில் மின்சாரம் வந்தால் இன்னொரு இணைப்பைத் தானாகவே திறந்துவிடும் சுவிட்ச்) ஒன்றை வாங்குங்கள். அதன் முனைகளுக்கு 30, 85, 86, 87 என்று எண்கள் உண்டு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் வயரை, முனைக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30ஆம் முனையில் இணைக்க வேண்டும். 87இலிருந்து கருவிக்கு மின்சாரம் செல்லும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஏதேனும் ஒரு வயரை 86இலும், எர்த்தை 85இலும் இணைத்துவிட்டால், சாவியோடு கருவியும் அணைந்துவிடும். அந்த வயர் எது என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப் கொண்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து தள்ளி, கருவியின் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. இடையில் வயர் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸால் ஒரு பயனும் இல்லை.

பெரும்பாலான கருவிகளுக்கு 5 வோல்ட்தான் வேண்டும். வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரை வரும் என்பதால் நடுவில் தரமான கன்வெர்ட்டர் தேவை. வயரை ஹேண்டில்பார் வரை கொண்டுசெல்லும்போது, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்ட பிறகே கட்டுங்கள். கருவி ஸ்பீடோமீட்டரை மறைக்கக் கூடாது.

செல்போனைப் பொறுத்தவரை, எப்போதாவது ஒரு பயணம் என்றால் போதும். ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஒற்றை சிலிண்டர் வண்டியில் அந்த அதிர்வு எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வெயிலில் சார்ஜ் ஏறியபடியே திரையும் எரிந்தால் போன் சூடாகி நின்றுவிடுவதும் உண்டு. அடிக்கடி மலையேறுபவர் என்றால், நீர் புகாத தனிக் கருவிக்கே என் ஓட்டு.

கேள்வி: சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? அதற்குத் தனியாக சிம் கார்டு வேண்டுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: செய்யும், சிம் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கருவி பெற்றுக்கொள்கிறதே தவிர, எதையும் அனுப்புவதில்லை. வரைபடம் மட்டும் முன்கூட்டியே கருவியிலோ போனிலோ பதிவாகியிருக்க வேண்டும். அதை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். போக்குவரத்து நெரிசல் விவரம் மட்டும் இணையம் இல்லாமல் கிடைக்காது.