மவுன்டன் சைக்கிளில் ரோடு கிராங்க் பொருந்துமா?

கேள்வி: தினமும் வேலைக்குப் போக 26 அங்குல மவுன்டன் சைக்கிள் வைத்திருக்கிறேன். வேகம் போதவில்லை. ரோடு சைக்கிளின் 50-34 பல் கிராங்கை (பெடல் கைகளும் 50, 34 பல் கொண்ட இரு முன் சக்கரங்களும் சேர்ந்த பாகம்) மாட்டலாமா?

பதில்: முதலில் பாட்டம் பிராக்கெட் குழாயின் (கிராங்கின் அச்சு நுழையும் ஃப்ரேம் குழாய்) அகலத்தை அளந்து பாருங்கள். 73 மி.மீ. என்றால் ஆசையை விட்டுவிடலாம். பெரும்பாலான ரோடு கிராங்க்குகளின் அச்சு 68 மி.மீ. குழாய்க்கானது, நீளம் எட்டாது. 68 என்றாலும் தொல்லை தீராது. 50 பல் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 20 செ.மீ.; பருத்த டயருக்காக அகன்றிருக்கும் பின்பக்கக் கீழ்க்குழாயில் அது உரசக்கூடும். நிற்கும்போது இடைவெளி தெரிந்தால் மட்டும் போதாது. அழுத்தி மிதிக்கையில் ஃப்ரேம் நெளியும், ஆகவே 3 மி.மீ.யாவது வேண்டும். சதுர முனை அச்சு என்றால் நீளமான அச்சைப் போட்டு கிராங்கை வெளியே தள்ளலாம். செயினை ஒரு முன் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டெரெய்லரையும் மேலே ஏற்ற வேண்டும். அதன் வளைவு சின்னச் சக்கரத்துக்கானது என்பதால் கியர் மாற்றம் அரைகுறையாகத்தான் இருக்கும். செயினும் நீளமாக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? 44 பல் மவுன்டன் கிராங்கே, பின்னால் 11 பல்லோடு, நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 38 கி.மீ. தரும். முரட்டு டயரைக் கழற்றிவிட்டு 1.5 அங்குல வழுவழு டயர் போடுங்கள். வித்தியாசம் காலிலேயே தெரியும்.