வாகனம் – கேள்வி பதில்: தார் பாலைவனத்துக்குத் தார்தான் போக வேண்டுமா?

கேள்வி: கிண்டியில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறை ஆசிரியராக இருக்கிறேன். ஜனவரியில் 14 மாணவர்கள், 2 ஆசிரியர்கள் ஜெய்சல்மர் பக்கம் 6 நாள் களப்பணிக்குப் போகிறோம். மணல்மேடும் உண்டு, கல்லுப் பொட்டலும் உண்டு. “தார் பாலைவனத்துக்குத் தார் ஜீப்பை விட்டால் வேறென்ன சார்?” என்று பையன்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எந்த வண்டி எடுக்கலாம்? இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: பெயர்ப் பொருத்தம் பிரமாதம், இருக்கைப் பொருத்தம்தான் இடிக்கிறது. மூன்று கதவுத் தாரில் டிரைவரோடு சேர்த்து நான்கு பேர்தான் உட்காரலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் 16 பேருக்கு ஆறு தார், ஆறு டிரைவர் வேண்டும். பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்க வேண்டும். ஒரு நாளில் பதினைந்து இடத்தில் இறங்கிப் பாறை பார்க்கிற கூட்டத்துக்கு அது பெரிய தொல்லை. நாலு பேர் ஏறிவிட்டால் பின்னால் சாமானுக்கும் இடமில்லை.

சென்னையிலிருந்து ஓட்டிப் போகவே வேண்டாம். ஒரு வழிக்கே 2,200 கிலோமீட்டருக்கு மேல். போக வரவே ஒரு வாரம் தின்றுவிடும், போய்ச் சேரும்போது டிரைவரும் அசந்திருப்பார். ஜோத்பூர் வரை ரயிலில் போய், அங்கோ ஜெய்சல்மரிலோ வண்டி எடுங்கள்.

அடுத்தது, 16 பேரும் ஒரே நேரத்தில் மணலில் இருந்தாக வேண்டுமா என்று யோசியுங்கள். ஜெய்சல்மரைச் சுற்றி நல்ல தார் ரோடு போட்டிருக்கிறார்கள். சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர், ரோட்டோரமே. கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) இருக்கும் ஆகல் பூங்கா பார்மர் சாலையில் 17 கிலோமீட்டர். அதனால் எங்கள் யோசனை இது: எல்லோருக்கும் ஒரு 17 இருக்கை டெம்போ டிராவலர், கூடவே இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள். டெம்போ ரோடு முடியும் இடத்தில் நிற்கட்டும். வண்டிக்கு நாலு பேர் வீதம் எட்டெட்டுப் பேராக உள்ளே போய் வாருங்கள். மற்ற எட்டுப் பேருக்கு ரோட்டோரப் பாறையில் வேலை கொடுக்க ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இரண்டு வண்டி என்பதில் மட்டும் பேரம் வேண்டாம். மணலில் ஒற்றை வண்டி புதைந்தால் இழுக்க ஆளில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கூட்டல் போடுங்கள். டிரைவரோடு 5 பேர், தலைக்கு 65 கிலோ என்றால் 325. பை, சுத்தியல், கருவிகள் 40. தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. இரண்டாவது ஸ்டெப்னி 30. மண்வாரி, பலகை, கயிறு, கம்ப்ரெசர், ஜாக்கி எல்லாம் 30. டீசல் கேன் 20. ஆக 485 கிலோ. இதில் இன்னும் ஒரு கல்கூட ஏறவில்லை! 20 லிட்டர் பெட்டியில் கல் மாதிரிகளை நிரப்பினால் சுமார் 30 கிலோ வரும். தண்ணீர் குறையக் குறையக் கல் ஏறிக்கொண்டே போகும், ஆகவே ஆறாம் நாள் பாரம்தான் அதிகம். வண்டியின் ஆர்.சி.யில் லேடன் எடையிலிருந்து (பாரத்தோடு) அன்லேடன் எடையைக் (வெறும் வண்டி) கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் மாருதி ஜிம்னி அடிபடுகிறது. மணலில் அதைப்போல மிதக்கிற வண்டி இங்கே குறைவு, 1,200 கிலோதான். ஆனால் ஏற்றக்கூடிய பாரம் 350 கிலோவுக்குள், இருக்கையும் நாலு. இரண்டு ஆசிரியர்கள் முன்னால் போய் வழி பார்க்க என்றால் தாராளமாக எடுக்கலாம். ஐந்து கதவு தார் ராக்ஸ் ஐந்து பேருக்குச் சரி. ஆனால் அதில் ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான் வருகிறது, பெட்ரோல் ராக்ஸைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு வண்டியில் முன், பின் இரண்டு ஆக்ஸிலுக்கும் டிப் லாக் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) கம்பெனியிலேயே வருகிறது. ஏழு இருக்கை என்று சொல்வார்கள், கடைசி வரிசையைச் சாமானுக்கு விட்டுவிடுங்கள். கல் சுமக்க டபுள் கேபின் பிக்கப் வசதி. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் ஐந்து பேர் உள்ளே, தண்ணீரும் கல்லும் பின் தொட்டியில். ஒரு கூர்க்கா அல்லது ராக்ஸ், ஒரு பிக்கப் என்ற ஜோடிதான் எங்கள் தேர்வு. இரண்டும் டீசலாக இருந்தால் ஒரே கேன் இரண்டுக்கும் உதவும். தார் ரோட்டில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிற வண்டி மணலில் அதில் பாதியாவது தருமா என்று பாருங்கள்; தராது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வாடகை எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, நாமே ஓட்டுகிற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதில் மாணவர்களை வாடகைக்கு ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். சுற்றுலாக்காரர்களை மணலில் குலுக்கி எடுக்கும் திறந்த ஜீப்புகள் அங்கே நிறைய. பின்னால் பெஞ்சு சீட், பெல்ட் கிடையாது. அது களப்பணிக்கு ஆகாது.

கேள்வி: எங்கள் வீட்டு எஸ்.யு.வி.யில் ‘ஏ.டபிள்யூ.டி.’ என்று போட்டிருக்கிறது. ஏற்காடு, வால்பாறை எல்லாம் ஏறியிருக்கிறது. பாலைவனத்துக்குப் போதாதா? – தாம்பரம் வாசகி

பதில்: போதாது. ஏ.டபிள்யூ.டி. என்றால் ஆல் வீல் டிரைவ்; மழையில் நனைந்த மலைப்பாதைக்கு அது நல்ல வண்டி. பெரும்பாலான ஏ.டபிள்யூ.டி. வண்டிகளில் பின் சக்கரத்துக்குச் சக்தி போவது ஒரு கிளட்ச் வழியாக. மணலில் பத்து நிமிடம் விடாமல் இழுத்தால் அந்தக் கிளட்ச் சூடாகித் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ளும். அந்த நிமிடம் அது முன் சக்கர வண்டி. தாழ்ந்த கியரான 4 எல்லும் இருக்காது.

4 எல், 4 ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண கியர்) உள்ள வண்டியிலும் ஒரு எச்சரிக்கை. தார், ஜிம்னி, கூர்க்கா போன்றவை பார்ட் டைம் வகை, அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்பவை. காய்ந்த தார் ரோட்டில் 4 ஹெச் போட்டு வளைத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், நடுவில் அதைச் சமாளிக்க எதுவும் இல்லை. முறுக்கு ஏறி, முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் கெடும். மணலில் சக்கரம் சற்று வழுக்குவதால் முறுக்கு தானே இறங்கிவிடும். ஆகவே ரோட்டுக்கு ஏறியதும் 2 ஹெச் (பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பது).

கேள்வி: மணலில் டயர் காற்றை இறக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு? டயர் கழன்றுவிடாதா? – முதுகலை மாணவர், சேப்பாக்கம்

பதில்: பாலைவனத்தில் வண்டியின் பெயரைவிட இதுதான் முக்கியம். பாரம் ஏற்றிய வண்டி 2,200 கிலோ என்றால் சக்கரத்துக்கு 550. காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்துப் பாருங்கள், டயர் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 245 சதுர சென்டிமீட்டர். 16 ஆக்கினால் அது இரட்டிப்பாகும். டயர் அகலமாவதால் அல்ல, படும் பகுதி நீளமாவதால்தான் வண்டி மிதக்கிறது.

பாரம் ஏற்றிய வண்டிக்கு மணலில் 18-இல் தொடங்குங்கள். திணறினால் 15. கல்லுப் பொட்டலில் 24–25. அங்கே 15-இல் ஓடினால் ஜெய்சல்மரின் கூரான சுண்ணாம்புக் கல் பக்கவாட்டைக் கிழித்துவிடும், பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் பிளக் நிற்காது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள். ஓடிச் சூடான பிறகு அளவு கூடுதலாகக் காட்டும், ‘ஜாஸ்தி இருக்கிறதே’ என்று மேலும் இறக்கிவிடக் கூடாது.

டயர் கழலுமா என்றால், 15-க்குக் கீழே போய், வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால் ரிம்மிலிருந்து விளிம்பு நழுவும். காற்று இறங்கியிருக்கும்போது 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், வெடுக்கென்று திருப்புவதும் வேண்டாம். ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிடுங்கள். கம்ப்ரெசரைச் சிகரெட் லைட்டர் பாயின்டில் சொருகினால் ஃபியூஸ் போகலாம். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற வகையாக, இன்ஜின் ஓடும்போது பயன்படுத்துங்கள். சின்ன கம்ப்ரெசர் நாலு டயரையும் ஏற்ற அரைமணி எடுக்கும், அந்த அரைமணியை அன்றாட அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

டயர் வகை ஏ.டி. (ஆல் டெரெய்ன்) போதும். கட்டம் கட்டமாக ஆழமான எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் சேற்றுக்கு. மணலில் அது தோண்டிக்கொண்டு இறங்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள்: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி. நம்ம ஊர்ச் சீமைக் கருவேலம் அங்கேயும் பரவிக் கிடக்கிறது. அதன் முள் செய்யும் வேலை ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கேள்வி: புதைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சக்கரம் சுற்றச் சுற்ற இறங்கிக்கொண்டே போகும், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மண்வாரிதான் கதி. எல்லோரையும் இறக்குங்கள், அதிலேயே 260 கிலோ குறையும். நாலு சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் மணலை வாரிச் சரிவாக்குங்கள், அடியில் முட்டும் மணலையும் இழுத்துப் போடுங்கள். காற்றை 12-க்கு இறக்குங்கள். பிறகு வந்த தடத்திலேயே, 4 எல்லில், ரிவர்ஸ். அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் வண்டியைத் தாங்கும். வரவில்லையென்றால் மணல் பலகையைச் சக்கரத்தை ஒட்டிச் செருகுங்கள். பலகைக்கு நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, சக்கரம் அதைக் கவண்கல் போல் வீசிவிடும்.

கடைசியாகத்தான் கயிறு. இழுபடுகிற ரெக்கவரிக் கயிற்றை, சேசிஸில் போல்ட் போட்ட கொக்கியில் ஷாக்கிள் (இரும்புப் பூட்டு வளையம்) வைத்து மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்க வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் இரும்புக் குண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். இப்படி உயிர் போயிருக்கிறது. பம்பரில் திருகி மாட்டுகிற வளையமும் சமதளத்தில் மெல்ல இழுக்கத்தான். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள், மாணவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் நேராக. குறுக்காக ஏறினால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து வண்டி உருளும். உச்சிக்கு முன் நிறுத்தி ஒருவர் நடந்து போய் மறுபக்கம் பார்க்க வேண்டும். காற்று மறைவுப் பக்கம் 33–34 பாகை சாய்வில் நிற்கும் என்பது நிலவியல் மாணவர்களுக்குப் பாடம்தான், ஸ்டியரிங் பிடிக்கும்போது மறந்துபோகிறது. நிறுத்துவதானால் மூக்கு கீழ்நோக்கி. கூரை கேரியரில் பாயும் கூடாரமும் மட்டும். தண்ணீர் கேனை மேலே ஏற்றினால் அதே சரிவில் வண்டி கவிழும்.

பஞ்சர் ஆனால் ஜாக்கிக்கு அடியில் ஓரடிக்கு ஓரடி பிளைவுட் பலகை வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

கேள்வி: போகும் முன் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டிப் பழகலாமா? – மாணவர், அடையாறு

பதில்: கூடாது. பங்குனி ஆமை எனும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட ஏறும் கரை அது. தவிர, உப்பு ஈரம் பிரேக்கையும் சேசிஸையும் அரிக்கும், ஈர மணல் பாலைவன மணல் போல நடந்துகொள்ளவும் செய்யாது. உலர்ந்த மணல்மேடு பார்க்க வேண்டுமானால் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரி இருக்கிறது. அங்கேயும் ஒரு பகுதி வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு நண்பர் சாட்டிலைட் போன் தருகிறேன் என்கிறார். எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டாம். அரசு உரிமம் இல்லாமல் துராயா, இரிடியம் போன்றவற்றை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். எல்லை மாவட்டத்தில் அதோடு பிடிபட்டால் களப்பணி காவல் நிலையத்தில் முடியும். எல்லையை ஒட்டிய பகுதிக்கு மாவட்ட நிர்வாகத்திடமும், கானமயில் வாழும் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பூங்காவுக்குள் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. ஆகலில் ஒரு துண்டு கல்மரம்கூட எடுக்கக் கூடாது.

கேள்வி: தினமும் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மாலையில் முகாமுக்கு வந்ததும் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். சேவண் புல் உலர்ந்து சைலன்சர் மேல் சுற்றியிருக்கும். இப்போதைய பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அந்தக் குழாய் கடுமையாகச் சூடாகும், புல் பற்றிக்கொள்ளும். ஆகவே உயரமான புல்லின் மேல் நிறுத்தாதீர்கள், தீயணைப்பு சிலிண்டர் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெளிமுகம் கீழே இருக்கும்படி மெல்லத் தட்டுங்கள். காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே மட்டும். ரேடியேட்டர் முன்னால் புல் விதை அடைத்திருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வீல் நட்டை ஸ்பானர் போட்டு ஒருமுறை சோதித்துவிட்டு, கல் பெட்டிகளைப் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் நகர்த்திக் கட்டுங்கள்.