அடைக்கூடையில் கூடிப்போன மூன்று முட்டைகள்

கேள்வி: எங்கள் கொல்லையில் சிறுவிடைக் கோழிகளும் இரண்டு கருங்கோழிப் பெட்டைகளும் ஒன்றாக மேய்கின்றன. இரண்டு இனத்திலும் ஒவ்வொரு சேவல் உண்டு. அடைக்குப் படுத்த சிறுவிடைக்கு 12 முட்டை வைத்தேன். 21ஆம் நாள் 7 குஞ்சுகள் பொரிந்தன. கூடையருகே நொய் தூவியதும் தாய்க்கோழி அவற்றோடு இறங்கிவிட்டது. கூடையில் இன்னும் 8 முட்டைகள் கிடந்தன. அவற்றில் 3 கூமுட்டை. 5 முட்டைகளில் வளர்ந்த குஞ்சு இறந்திருந்தது. சேவல் சரியில்லை என்கிறார் மாமியார். கருங்கோழிக் குஞ்சுகளை மட்டும் பொரிக்க வழி உண்டா, ஐயா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: குஞ்சு வளர்ந்திருக்கிறது என்றால் கரு கூடியிருக்கிறது என்றுதான் பொருள், ஆகவே சேவலைக் குறை சொல்வதற்கில்லை. நீங்கள் வைத்தது 12, கணக்கில் வந்தது 15. அடைக்கோழி இரைக்கு இறங்கிய நேரத்தில் மற்றப் பெட்டைகள் அதே கூடையில் இட்டுவிட்டன. மூன்று நாள் பிந்தி வந்த முட்டைக்குப் பொரிய இன்னும் மூன்று நாள் வேண்டும். அதற்குள் தாய் எழுந்துவிட்டால் சூடு போய்விடும். தவிர, சிறுவிடையின் இறகுக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அடங்காது என்பதால், ஓரத்துக்கு ஒதுங்கியவை முறைவைத்துக் குளிர்ந்து, நீங்கள் வைத்தவற்றிலும் சில பிந்தியிருக்கும். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் இரும்புத்துண்டும் மிளகாய் வற்றலும் போடுவது நம் பக்கத்து வழக்கம். போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அடைவைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, நாள்தோறும் கோழி இறங்கும்போது கோடில்லாததை எடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் இரவு கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், கரு கூடிய முட்டைக்குள் சிலந்திக் கால்களைப்போலச் சிவந்த நரம்புகள் தெரியும். வெறுமையாகத் தெரிவதை நீக்கிவிடலாம்.

கருங்கோழிக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஒருமுறை சேவல் அணைந்தால் அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். ஆகவே அந்த இரண்டு பெட்டைகளையும் அவற்றின் சேவலோடு தனியே அடைத்து, முதல் மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் இடுவதைச் சேருங்கள். ஓட்டின் நிறத்தையோ குஞ்சின் கறுப்பையோ பார்த்து இனத்தை முடிவுசெய்ய வேண்டாம். கலப்பிலும் கறுப்பு வரும். சேர்த்த முட்டைகளைக் கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைவையுங்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவைச் சேர்ந்த கருங்கோழி அடைகாப்பதில் அவ்வளவு நாட்டமில்லாதது. உங்கள் சிறுவிடையே அதற்கும் தாயாகட்டும்.

நொய் தூவும் அவசரம் மட்டும் வேண்டாம். பொரிவதற்குச் சற்று முன் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுவதால், இரண்டு நாள் அது தீனியில்லாமல் தாங்கும். அதுவரை தாய் கூடையிலேயே இருந்தால் பிந்திய ஓடுகளும் உடையும்.