மாதிரித் தேர்வு எழுதியாயிற்று, அடுத்து என்ன?

எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று நடக்கும் திறனறித் தேர்வுகளைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். மாதிரித் தேர்வில் மட்டும் 40-க்கு 24, 25-ஐத் தாண்டுவதில்லை. திருத்தும்போது, "ஐயோ, இது எனக்குத் தெரியுமே" என்கிறாள். இப்போது வாரம் இரண்டு மாதிரித் தேர்வு வைக்கிறோம். மூன்றாக்கலாமா?

கூட்ட வேண்டாம், ஒன்றாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தை அவள் எழுதி முடித்த தாளுக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரத் தேர்வு எழுதினால், அதை உட்கார்ந்து அலசக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தால், அடுத்த தேர்விலும் அதே பிழைகள்தான் வரும்.

இன்னொன்று. "கவனக்குறைவு" என்ற சொல்லைக் கொஞ்ச நாள் வீட்டில் எடுக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து விதமான பிழைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: ஓர் எண்ணின் 20 சதவீதம் 50 என்றால், அதே எண்ணின் 30 சதவீதம் எவ்வளவு? விடைகள்: அ) 15, ஆ) 60, இ) 75, ஈ) 250.

சரியான விடை 75. ஆனால் 15-ஐக் குறித்த பிள்ளை, 50-ஐயே முழு எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 60 என்று போட்ட பிள்ளை, சதவீதம் பத்து கூடியதால் எண்ணிலும் பத்தைக் கூட்டியிருக்கிறது. 250-ஐத் தேர்ந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும். முழு எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்து, அது விடை வரிசையில் இருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. தவறான விடைகளைக் கண்டபடி போட்டு வைப்பதில்லை. மாணவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்துத்தான் வினா தயாரிப்பவர்கள் அவற்றை அமைக்கிறார்கள். அதனால் உங்கள் மகள் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தாள் என்பதே, என்ன சொல்லித்தர வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். 250 போட்டவளுக்குச் சதவீதப் பாடத்தை மறுபடி நடத்துவது வீண். கேட்கப்பட்டதை வினாவிலேயே அடிக்கோடிடுவதும், வட்டத்தை நிரப்பும் முன் வினாவின் கடைசி வரியை ஒருமுறை படிப்பதும்தான் அவளுக்குத் தேவை. 60 போட்டவளுக்கோ விகிதம் என்பதே இன்னும் பிடிபடவில்லை. எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாலும் அது தானாகச் சரியாகாது.

ஒரு நோட்டை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். முதலில் வினா எண்ணும் பாடமும். அடுத்து அவள் தேர்ந்த விடை. மூன்றாவதில், அதைச் சரி என்று ஏன் நினைத்தாள் என்று அவள் சொற்களிலேயே எழுத வேண்டும். நான்காவதில், அடுத்த முறை என்ன செய்வாள். மூன்றாவது பத்திதான் உயிர். "தெரியாமல் போட்டுவிட்டேன்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "'அல்லாதது எது' என்று கேட்டதைப் பார்க்கவில்லை" என்கிற அளவுக்குத் துல்லியம் வேண்டும். திட்டினால் அந்தப் பத்தியில் உண்மை வராது. பொறுமையாகப் பக்கத்தில் உட்காருங்கள்.

தேர்வு எழுதும்போதே, சந்தேகத்தோடு போட்ட விடைகளுக்கு அருகில் வினாத்தாளில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். அதிர்ஷ்டத்தில் சரியாகிப் போனவையும் நோட்டுக்குள் வர வேண்டும். பிழையான வினாக்களை மூன்று நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் நான். ஒரு பாடத்தை நான்கைந்து தடவை படிக்கிறேன், முக்கியமானதைக் கோடு போட்டு வைக்கிறேன். படித்த அன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வாரம் போனால் பாதி இல்லை. ஞாபகசக்தி குறைவா?

ஞாபகசக்தியில் குறையில்லை, படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப் போகின்றன. பழகிய முகத்தைப் பார்த்ததும் "தெரிந்தவர்" என்று தோன்றும், பெயரைக் கேட்டால் வராது அல்லவா, அதே நிலைதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் 42 சதவீதம்தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

ஆகவே ஒரு முறை கவனமாகப் படி. புத்தகத்தை மூடு. வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு இதையே செய். எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டம்தான் நினைவை உறுதிப்படுத்துகிறது. ஆரம்பத்தில் பாதித் தாள் காலியாக இருந்தாலும் மனம் தளராதே.

கணக்குப் பயிற்சியில் ஒரே வகைக் கணக்கை இருபது போடுவதோடு நிறுத்தாதே. நான்கு பாடங்களிலிருந்து ஐந்தைந்து எடுத்துக் கலந்து போடு. இது எந்த வகைக் கணக்கு என்று தேர்வில் யாரும் தலைப்புப் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

என் மகனுக்கு நேரம் போதவில்லை. 50 வினா, 60 நிமிடம். எப்போதும் கடைசி எட்டு, பத்து வினாவைத் தொடுவதே இல்லை.

முதலில் வேகம்தான் பிரச்சினையா என்று பாருங்கள். அடுத்த மாதிரித் தேர்வில் நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்காதீர்கள். வேறு நிறப் பேனாவைக் கொடுத்து மிச்சத்தையும் முடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது நிறத்தில் எழுதியவை பெரும்பாலும் சரியாக இருந்தால், பாடம் தெரிகிறது, நேரத்தைப் பங்கிடத்தான் பழக்க வேண்டும். அவையும் தவறாக இருந்தால் கடிகாரத்தை மூன்று வாரம் மறந்துவிட்டுப் பாடத்தைக் கவனியுங்கள். தெரியாததை வேகமாகச் செய்யப் பழக்கி என்ன பயன்?

நேரம்தான் பிரச்சினை என்றால் தாளை இரண்டு சுற்றாக எழுதட்டும். வினாவைப் படித்த பிறகு இருபது வினாடிக்குள் வழி தெரியவில்லை என்றால், வினா எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த முதல் சுற்றில் 50 வினாவையும் 35 நிமிடத்தில் கடந்துவிட வேண்டும். 18-ஆவது நிமிடத்தில் 25-ஆம் வினா தாண்டியிருக்க வேண்டும். வட்டம் போட்டவற்றுக்கு அடுத்த 18 நிமிடம். கடைசி ஏழு நிமிடம் சரிபார்க்க. கடினமான வினாவும் எளிய வினாவும் ஒரே மதிப்பெண் பெறும் தேர்வுகளில், எட்டாவது வினாவோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டுவது பின்னால் இருக்கும் மூன்று எளிய வினாக்களைத் தியாகம் செய்வதுதான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்; விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வருவதில்லை. அதனால் விடுவதையும் பயிற்சியில் பழக்க வேண்டும்.

கணினியில் எழுதும் சில தேர்வுகளில் முந்தைய வினாவுக்குத் திரும்ப முடியாது. அங்கே இந்த முறை உதவாது. எந்த வகைத் தேர்வு என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன முறை என் மகள் ஓ.எம்.ஆர். தாளில் (வட்டங்களை நிரப்பித் தரும், கருவி திருத்தும் விடைத்தாள்) ஒரு வரிசை மாற்றி நிரப்பிவிட்டாள். பதின்மூன்று விடைகள் போயின. எப்படித் தவிர்ப்பது?

ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போதுதான் வரிசை மாறுகிறது. வினாத்தாளில் 14-ஐ விட்டு 15-க்குப் போன கை, விடைத்தாளில் 14-லேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. விடையை முதலில் வினாத்தாளிலேயே குறித்துக்கொண்டு, ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை மொத்தமாக நிரப்ப வேண்டும். நிரப்பும்போது "பதினைந்து, இ" என்று மனதுக்குள் எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடது கை விரல் விடைத்தாளின் எண்ணில் இருக்கட்டும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று தள்ளிப்போடுவது பேராபத்து; மணி அடித்துவிட்டால் எழுதிய அனைத்தும் வீண். வினாத்தாளில் எழுதக் கூடாது என்கிற தேர்வுகளில், ரஃப் தாளில் எண் போட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

விடைத்தாளைத் திருத்தும் வருடும் கருவி (ஸ்கேனர்) வட்டத்துக்குள் எவ்வளவு கருமை இருக்கிறது என்று அளக்கிறது. மெல்லிய டிக், புள்ளி, பாதி நிரப்பிய வட்டம் இவற்றைத் தவறவிடலாம். அரைகுறையாக அழித்த பழைய விடையை இரண்டாவது விடையாகவும் எடுத்துக்கொள்ளலாம். தாளின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிறு கறுப்புக் கட்டங்களை வைத்துத்தான் கருவி வரிசையை அடையாளம் காண்கிறது. அவற்றின் மீது எதுவும் எழுதக் கூடாது, தாளை மடிக்கவும் கூடாது. பென்சிலா பேனாவா என்பதைத் தேர்வின் விதி சொல்லும். பென்சில்தான் என்ற பழைய கட்டாயத்துக்குக் காரணம் உண்டு: 1930-களின் இறுதியில் ஐ.பி.எம். கொண்டுவந்த திருத்தும் இயந்திரம், பென்சில் கரியின் வழியே மின்சாரம் பாய்வதை வைத்து விடையைக் கண்டுபிடித்தது.

வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் வட்டம் நிரப்பும் தாளில்தான் எழுத வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஐந்து வினாடி என்றாலும், 50 வட்டத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் போகிறது. நோட்டில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அந்த நான்கு நிமிடம் தேர்வு அறையில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

நெகட்டிவ் மார்க் இருந்தால் ஊகித்து விடை போடலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு விடைகள், சரியானால் 3, தவறானால் 1 குறையும் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாவுக்குப் போட்டால், சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் வினாவுக்குச் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால் முழுதாக ஒரு மதிப்பெண். எனவே ஒன்றையாவது காரணத்தோடு தள்ள முடிந்தால் போடுங்கள், எதையும் தள்ள முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மதிப்பெண் குறைப்பே இல்லாத தேர்வில் ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்கிறார்களே?

பரவலாகச் சொல்வார்கள், ஆனால் சரியில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் அழித்து மாற்றிய விடைகளை எண்ணிப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேல் தவறிலிருந்து சரிக்கு மாறியிருந்தன. கால்வாசிதான் சரியிலிருந்து தவறுக்கு. மாற்றிக் கெட்டது மனதைக் குத்துவதால் நினைவில் நிற்கிறது, மாற்றிப் பிழைத்தது மறந்துவிடுகிறது. காரணம் கிடைத்தால் மாற்றலாம். வெறும் பதற்றத்தில் மாற்ற வேண்டாம்.

மகனுக்கு 78-ஆவது பர்சன்டைல் வந்திருக்கிறது. 78 மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒப்பிடப்பட்ட மாணவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பேரைவிட அவன் மேலே இருக்கிறான் என்று பொருள். அதிகம் பேர் நடுப்பகுதியில் நெருக்கமாக இருப்பதால், அங்கே ஓரிரு வினா தவறினாலே பர்சன்டைல் பல படி இறங்கும். சிறு ஏற்ற இறக்கத்துக்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

தேர்வு அறைக்குள் போனதும் மகளுக்குக் கை நடுங்குகிறது, எல்லாம் மறந்துவிட்டது என்கிறாள்.

பதற்றத்தில் மனம் கவலையைச் சுமந்துகொண்டே கணக்கையும் போட வேண்டியிருக்கிறது; கணக்குக்கு இடம் குறைந்துவிடுகிறது. எழுதலாம் என்று சொன்னதும், மறந்துவிடுவோமோ என்று பயப்படும் சூத்திரங்களை முதலில் ரஃப் பகுதியில் எழுதிவிடட்டும். முதல் வினா கடினமாக இருந்தால் தாளைப் புரட்டி, நிச்சயம் தெரிந்த மூன்றை முதலில் முடிக்கட்டும். நடுக்கம் வந்தால் பேனாவைக் கீழே வைத்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். ஐந்து முறை செய்ய ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். இதை மாதிரித் தேர்வுகளில் பழகியிருந்தால்தான் அன்று கைகொடுக்கும். நடுக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, தூக்கமும் உணவும் கெட்டாலோ மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

வாசலில் "நல்லா படிச்சு எழுது, போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "முடிச்சுட்டு வா, இங்கேதான் இருப்பேன்" என்றால் போதும்.

தேர்வுக்கு முந்தைய நாள் என்ன படிக்கலாம்?

புதிதாக எதையும் தொடக் கூடாது; முழு மாதிரித் தேர்வும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பிழை நோட்டின் நான்காவது பத்தியை மட்டும் ஒருமுறை படித்தால் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அனுமதிச் சீட்டு, இரண்டு பேனா அல்லது கூராக்கிய இரண்டு பென்சில், அழிப்பான், விதி அனுமதித்தால் முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மாலையே எடுத்து வைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குத் தூங்கப் போகட்டும்.