பதில்: பீனிக்ஸ் வீட்டுப் பின்புறத்தில் மஞ்சள் உருண்டைப் பூச்செடி, பையனுக்கு ஓயாத தும்மல்

வணக்கம். மஞ்சள் உருண்டைப் பூ, இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் என்கிறீர்கள். இது ஸ்டிங்க்நெட்டாகத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அரிசோனா பாலைவனத்தில் பரவிய களை. பூவில் இதழே இருக்காது, வெறும் குண்டு.

எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் புகை தொண்டையையும் நுரையீரலையும் பதம் பார்க்கும், பையன் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். புல்வெட்டியும் உதவாது, வெட்டிய இடத்துக்குக் கீழே மறுபடி பூத்துவிடும்.

கையால் பிடுங்குவதே நல்லது, அதுவும் பூப்பதற்கு முன்பு. மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் அவசியம், சிலருக்குத் தோலில் தடிப்பு வருகிறது. பூத்துவிட்டதா? உதறாமல் அப்படியே பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. விதை தூசி மாதிரி இருக்கும், ஷூவில் ஒட்டியே ஊர் சுற்றும். குளிர்கால மழையில்தான் முளைக்கும் என்பதால், முளைப்பதைத் தடுக்கும் மருந்தை இலையுதிர்காலத்திலேயே போட வேண்டும்.

அப்புறம் பையன் விஷயம். இந்தச் செடி சாமந்திக் குடும்பம். அதே குடும்பத்துக் களையான ராக்வீட்டின் மகரந்தம் அலர்ஜி உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தும்மலுக்கு இதுதான் காரணமா என்று நான் சொல்ல முடியாது, அலர்ஜி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். பிடுங்கும் நாளில் அவனை உள்ளேயே வைத்து ஜன்னலைச் சாத்துங்கள்.