பிரசங்கம் என்பது கிறிஸ்தவச் சொல்லா? அதன் பொருளும் வேரும் என்ன?

கிறிஸ்தவச் சொல் அல்ல. வடசொல். ஆனால் மலைப்பிரசங்கம், வேதாகமத்தில் வரும் ‘பிரசங்கி’ என்னும் நூல் ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு.

‘ஸஞ்ஜ்’ என்ற வேருக்கு ஒட்டுதல், பற்றுதல் என்று பொருள். பிரசங்கம் என்றால் ஒன்றை ஒட்டி வருவது. அதிலிருந்து தொடர்பு, சந்தர்ப்பம், எடுத்துக்கொண்ட விஷயம் என்று பொருள் விரிந்தது. யட்சகானம் என்னும் கன்னடக் கூத்தில் ஆடும் கதைக்கே பிரசங்கம் என்று பெயர். பேச்சு என்ற பொருள் தமிழிலும் மலையாளத்திலும் நிலைத்தது. நாங்கள் சிறுவயதில் வாங்கிய ‘அதிகப்பிரசங்கி’ என்ற ஏச்சும் இதே குடும்பம்தான்.

யாழ்ப்பாணத்தில் இச்சொல்லைச் சைவர்களின் சொல்லாகவும் ஆக்கியவர் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு வெள்ளிதோறும் அது தொடர்ந்தது.

பாதிரிமாரைப் பார்த்துத்தான் நாவலர் தொடங்கினார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கேட்கும் காதுகள் இங்கே முன்பே பழகியிருந்தன. கோயில்களில் புராணபடனம் உண்டு: ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். பாட்டை விட்டு விலக முடியாது. வேர்ச்சொல் சொல்லும் ‘ஒட்டுதல்’ இதுதானே!

எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணம் தொடங்கும் நாளன்று அம்மம்மா முன்வரிசையில் பாய் விரித்து இருப்பார். காப்புச் செய்யுள் ‘திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்’ என்று தொடங்கும். வாசிப்பவர் அந்த அடியை இழுத்து நிறுத்துவார். பயன் சொல்பவர் அவசரப்படமாட்டார். “திகழ், தசம், கரம். ழகரமும் தகரமும் புணர்ந்து டகரமாயின. விளங்கும் பத்துக் கரங்களும் ஐந்து செம்முகங்களும் உடையவர் சிவபெருமான்” என்று பிரித்து வைப்பார். சக்கரம் என்று நினைத்திருந்த எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அம்மம்மா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். அன்றிரவு சோறு போடும்போது பத்து விரல்களையும் என் முன் விரித்து, “தச கரம், விளங்கியதா?” என்று கேட்டார்.