பத்து அரையாயுள் ஆச்சு, தூக்கிப் போடலாமா?

கே: ஆய்வகத்தில் சேரும் பி-32 (கதிரியக்க பாஸ்பரஸ்) குப்பையை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

அரையாயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 14 நாள் சொச்சம், பத்து மடங்கு போட்டால் ஐந்து மாதம். பையை மூடிக் கட்டிய நாளிலிருந்து எண்ணுங்கள், முதல் பிப்பெட் முனையைப் போட்ட நாளிலிருந்து அல்ல. அப்புறம் கதிர்வீச்சு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கே: பத்து அரையாயுளில் ஆயிரத்தில் ஒரு பங்குதானே மிஞ்சும். எதற்கு அளப்பது?

எதில் ஆயிரத்தில் ஒரு பங்கு? ஆரம்பத்தில் நிறைய போட்டிருந்தால் மிச்சமும் நிறையத்தான் இருக்கும். பையைத் தடுப்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வேறு கதிரியக்கப் பொருள் இல்லாத அறையில் அளக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தே அளந்துவிட்டு 'சைபர்' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

கே: எஸ்-35 (கதிரியக்கக் கந்தகம்) பை, மூன்று மாதத்திலேயே மீட்டர் சத்தம் போடவில்லை. அனுப்பிவிடலாமா?

எந்த மீட்டர் என்று எழுதவேயில்லையே! எஸ்-35இன் பீட்டா கதிர் பலவீனமானது, அதில் பெரும்பகுதியைப் பையின் பிளாஸ்டிக்கே விழுங்கிவிடும். 87 நாள் அரையாயுள், ஏறக்குறைய இரண்டரை வருடம் வைக்க வேண்டும். துடைத்த சாம்பிளை பலவீனமான பீட்டாவையும் எண்ணும் சிண்டிலேஷன் கவுண்டரில் போட்டுப் பாருங்கள். ஐ-125 (கதிரியக்க அயோடின்) என்றால் சோடியம் அயோடைடு படிகம் உள்ள மீட்டர் வேண்டும்.

கே: அதே பையில் கொஞ்சம் சி-14 (கதிரியக்கக் கார்பன்) விழுந்துவிட்டது.

அதன் அரையாயுள் 5,700 வருடம். இனி அந்தப் பை முழுதும் சி-14 குப்பைதான், உங்கள் ஆர்.எஸ்.ஓ.விடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) உடனே சொல்லுங்கள். தனித்தனிப் பை என்று எத்தனை முறை எழுதுவது?

கே: அளந்தாயிற்று, பின்னணி அளவுதான் (சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சு). லேபிளையும் கிழிக்க வேண்டுமா?

கிழிக்க வேண்டும். பையின் மேல் உள்ளது மட்டுமில்லை, உள்ளே கிடக்கும் டப்பாவிலும் மஞ்சள் டேப்பிலும் உள்ள கதிரியக்கச் சின்னத்தையும் எடுக்க வேண்டும் அல்லது கறுப்பு மையால் அடித்து மறைக்க வேண்டும். டப்பாவைப் பையில் போடும்போதே லேபிளை அழித்துவிட்டுப் போட்டால் பிறகு பையைக் கிளற வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குப்பைக் கிடங்கிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பையிலிருந்து அந்த மூன்று இதழ்ச் சின்னம் எட்டிப் பார்த்திருக்கிறது, வண்டி நின்றுவிட்டது, போலீஸ் கயிறு கட்டிவிட்டது. அளந்தால் பின்னணி அளவுக்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் அதைக் கையால் தொட்ட அம்மா, வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா என்று மூன்று முறை கேட்டார். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக்கடைக்குப் போன கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது, அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. அந்தப் பையை அனுப்பிய ஆய்வகத்தில் கேட்டால், "சார், டீகே ஆகிடுச்சே!" என்றார்கள், கதிரியக்கம் தேய்ந்து போய்விட்டதாம். ஆகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும், பையைத் தூக்குகிறவருக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, கதிரியக்கமே இல்லாத ஐஸ் பெட்டியிலும் அதே ஸ்டிக்கரை ஒட்டி வைக்கிறீர்கள், அதையும் நிறுத்துங்கள்.

கே: அயோடின் கலந்த திரவக் கழிவில் நாற்றம் போக பிளீச் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அயோடின் ஆவியாகிக் கிளம்பும், அமிலம் ஊற்றினாலும் அதே கதைதான். இறுக மூடி ஃபியூம் ஹூடில் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) வையுங்கள்.

கே: பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

ஐசோடோப், மூடிய தேதி, வெளியேற்றும் தேதி, எந்த மீட்டர், பின்னணி எவ்வளவு, பை எவ்வளவு, கையெழுத்து. 'ஓகே' என்று மட்டும் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள்.